அறுபத்திரண்டாவது மனு

அந்த நாற்காலி வேண்டாம். கால் ஆடும். போன மாதம் ஓர் அம்மாள் விழுந்தாள். இப்படி வாருங்கள்.

டோக்கன் எண் என்ன? நூற்றுப் பதினாறா? நான் நூற்றுப் பதினைந்து. எனக்குப் பின்னால்தான் நீங்கள். முந்தக் கூடாது.

திங்கட்கிழமை மனு கொடுக்க இதுதான் முதல் தடவையா? முகத்திலேயே தெரிகிறது. வாசலில் பையைக் கொட்டிப் பார்த்திருப்பார்களே, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. எல்லாரையும் பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பதில்லை. அந்த ஏட்டுக்கு என்னைத் தெரியும். "ரைட்டரய்யா தன்னைக் கொளுத்திக்க மாட்டாரு, அடுத்தவனத்தான் கொளுத்துவாரு" என்கிறான். பெரிய நகைச்சுவை.

மனுவைக் காட்டுங்கள். கொடுங்கள், தின்றுவிட மாட்டேன்.

பாதைத் தகராறு. எந்தப் பாதை? 'எங்கள் வீட்டுக்குப் போகும் பாதை' என்றால் கலெக்டருக்கு உங்கள் வீடு தெரியுமா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், நான்கு பக்கமும் என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் எழுதியதா? நினைத்தேன். அவனுக்கு மனுவும் தெரியாது, மண்ணும் தெரியாது. பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. சரியாக எழுதித் தருகிறேன். பொறுங்கள். இப்போது எண்பத்து நான்குதான் போகிறது.

என் மனுவா?

கேட்டுவிட்டீர்கள். இனி நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகக் கூடாது.

என் பெயர் உலகநாதன். ஊர் வேலாங்குளம் பேரூராட்சி. முப்பத்தெட்டு வருடம் பத்திர எழுத்தர். நான் எழுதிய பத்திரத்தில் எல்லை தப்பு என்று ஒருவன் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. காரணம் சொல்கிறேன். மற்ற எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்குவார்கள். நான் இடத்துக்குப் போவேன். நான்கு மூலையிலும் நின்று பார்ப்பேன். கண்ணால் கண்டதைத்தான் எல்லையாகப் போடுவேன். எழுத்தன் முதலில் காலால் எழுத வேண்டும். அப்புறம்தான் கையால்.

அந்தப் பழக்கம்தான் என் கழுத்தில் சுருக்குப் போட்டது.

எண்பத்தேழில் எனக்கென்று ஒரு மனை வாங்கினேன். பத்திரத்தை நானே எழுதினேன். வடக்கே தெரு. கிழக்கே ஒரு தோட்டம். மேற்கே வண்டிப்பாதை. தெற்கே போய் நின்றேன். பையன்கள் பந்து உதைத்துக் கொண்டிருந்தார்கள். எழுதினேன்: 'தெற்கில், பையன்கள் பந்து விளையாடும் பொட்டல்.' வேறு எவனாக இருந்தாலும் 'சர்க்கார் புறம்போக்கு' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பான். நான் கண்டதை எழுதினேன். பதிவும் ஆகிவிட்டது.

தொண்ணூற்றேழில் வீடு கட்டினேன். ஓட்டு வீடு. தொண்ணூற்றெட்டில் முதல் ஓடு உடைந்தது. மறு திங்கட்கிழமை முதல் மனு.

அன்றிலிருந்து அறுபத்தோரு மனு. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. தேதி, நேரம், பந்து வந்த திசை, உதைத்தவன் பெயர், தகப்பன் பெயர். நான்கெல்லை. ஒவ்வொன்றுடனும் என் பத்திரத்தின் நகல். பக்கத்து மனைக்காரன் நான்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. ஆதாரம் இல்லாமல் எழுதுகிறவன் நான் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றா? என்ன கேள்வி இது? பார்த்தேன். தினமும் ஐந்து மணிக்குப் பின்வாசல் திண்ணைமேல் நாற்காலி போட்டு உட்காருவேன். எங்கள் பின்சுவர் ஐந்தடி. உட்கார்ந்தால் கோல் கம்பம் இரண்டும் நேர் எதிரே தெரியும். கையில் நோட்டு. சாட்சி என்றால் நேரில் பார்க்க வேண்டும். கேள்விப்பட்டதை எழுதினால் அது வதந்தி. மழை பெய்தால் குடை. காய்ச்சல் வந்தால் போர்வை. இருபத்தேழு வருடம். விரோதிகளை ஒரு நாள் கண்காணிக்காமல் விட்டாலும் தலையில் ஏறி உட்காருவார்கள்.

பக்கத்து ஊர் கீழச்செவலில் ஆட்டம் நடந்தால் அங்கேயும் போவேன். பஸ் பிடித்துத்தான். அங்கே பந்து வெளியே போகாமல் எப்படி ஆடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

என் மனைவி சௌந்தரம் இருக்கிறாளே, அவள் அவர்களுக்கு உள்கை. முற்றத்தில் விழும் பந்தை நான் பிடித்து வைப்பேன். அவள் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டுவிடுவாள். "பந்த வச்சு நீங்க என்ன ஆம்லெட்டா போடப் போறீங்க?" என்பாள். வழக்குச் சொத்தைக் கலைப்பது குற்றம் என்று சொன்னால் அவளுக்கு ஏறாது.

எத்தனை போகிறது? தொண்ணூறா? நகருங்கள். பையைக் காலுக்கு அடியில் வையுங்கள்.

இந்த லீக் என்பது என்ன என்று கேட்டால், சுற்றுவட்டாரத்துப் பதினோரு ஊர்ப் பிள்ளைகள், பதினேழு வயதுக்குள். இப்போது பெண் பிள்ளைகளுக்கும் இரண்டு அணி. அந்தப் பெண்கள்தான் ஒழுங்காகப் பந்தைக் கொடுத்து வாங்கி ஆடுகிறார்கள். பையன்கள் எல்லாம் தானே அடித்துத் தானே பெயர் வாங்கப் பார்க்கும் கூட்டம். வேலாங்குளம் பொட்டல்தான் எல்லாருக்கும் நடு. கோலுக்கு மூங்கில். வலை கிடையாது. கோடு சுண்ணாம்பு. மழை பெய்தால் அதுவும் கிடையாது.

இதற்குச் செயலாளர் பீர்க்கனி. பேருந்து நிலையத்தில் பஞ்சர் கடை. சின்ன வயதில் இடது ஓரத்தில், லெஃப்ட் அவுட் ஆடியவன். என் ஓட்டை அதிகம் உடைத்தவனும் அவன்தான். மனுக்களில் பதினான்கு இடத்தில் அவன் பெயர் இருக்கிறது.

போன வருடம் இவர்கள் பேரூராட்சிக்குப் போனார்கள். பொட்டலை முறையான மைதானமாக்கித் தர வேண்டும், மண் சமப்படுத்தி, கம்பம் நட்டு, சுற்றுச்சுவர் கட்டித் தர வேண்டும் என்று. செயல் அலுவலர் ஓர் அம்மா. சின்ன வயது, கறார். கணக்கில் அது 'தரிசு' என்றுதான் இருக்கிறது, விளையாட்டுத் திடல் என்று ஏதாவது ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார். இவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்? முழங்கால் தழும்பா? ஒரு காகிதம் கிடையாது. ஒரு போட்டோ கிடையாது. ஜெயித்த கோப்பைகூடக் கிடையாது, எவனோ வீட்டுக்குக் கொண்டு போய்விட்டான்.

பேரூராட்சித் தலைவருக்கு வேறு யோசனை. அங்கே குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை போட வேண்டும் என்று. அதற்கு 'வளம் மீட்புப் பூங்கா' என்று பெயர். பூங்காவாம். ஆதாரம் இல்லையென்றால் பொட்டல் குப்பைக்குப் போகும். அவ்வளவுதான்.

எனக்கு அது தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். தோற்கட்டும் என்றிருந்தேன்.

பீர்க்கனி என்ன செய்தான்? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டான். அந்த இடத்தைப் பற்றி அரசாங்கத்திடம் என்னென்ன காகிதம் இருக்கிறதோ, அத்தனையும் கொடு என்று. ஒரு மாதத்தில் கட்டுக் கட்டாக வந்தது. எல்லாம் என் காகிதம். அறுபத்தொன்று.

புரிகிறதா? அந்தப் பொட்டலில் பிள்ளைகள் விளையாடினார்கள் என்பதற்கு உலகத்தில் ஒரே ஆதாரம் நான்.

சிரிக்காதீர்கள்.

சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நான் போனேன். எதிர்க்கத்தான் போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். செயல் அலுவலர் அம்மா என் பத்திர நகலை எடுத்துப் படித்தார். 'தெற்கில், பையன்கள் பந்து விளையாடும் பொட்டல்.' பதிவு செய்த ஆவணம், எண்பத்தேழு, எழுதியவர் உலகநாதன், வாங்கியவர் உலகநாதன். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே?"

"பின்ன யாருது?"

"அப்ப அங்க விளையாட்டு நடந்துச்சுன்னு நீங்க ஒத்துக்கிறீங்க."

"நடக்கக் கூடாதுன்னுதான் எழுதினேன்."

"ஆனா நடந்துச்சு."

என் கையெழுத்தை நானே மறுப்பதா? அப்படிச் செய்கிறவர்களை முப்பத்தெட்டு வருடம் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறேன்.

அதோடு விட்டார்களா? மனுக்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். இரண்டாயிரத்து நான்கு, ஆகஸ்டு பதினைந்து ஆட்டத்தைப் பற்றிய மனுவும் வந்தது. வேலாங்குளத்துக்கும் கீழச்செவலுக்கும் இறுதி ஆட்டம். 'மேற்படி பீர்க்கனி என்பவர் மாலை ஐந்து ஐம்பதுக்கு இடது காலால் அடித்த பந்து, வலது கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே சென்று, எனது வீட்டின் தென்பக்கக் கூரையில் விழுந்து மூன்று ஓடுகள் உடைந்தன.' அன்றைக்கு அதைக் கோல் என்று கொடுத்து வேலாங்குளம் கோப்பை வாங்கியிருந்தது.

பின்னால் ஒருவன் துள்ளி எழுந்தான். கீழச்செவலில் உரக்கடை வைத்திருக்கும் சீமைச்சாமி. அன்றைக்கு அவன்தான் கோல்கீப்பர்.

"கேட்டீங்களாய்யா! ஒரு சாண் வெளிய! இருவது வருசமா தொண்ட கிழியக் கத்துறேன், எவன் நம்புனான்? அரசாங்க காயிதத்துல இருக்கு!"

பீர்க்கனி எழுந்தான். "ஏய் ஒக்காரு. அது உள்ளதான் போச்சு. ரைட்டரய்யாவுக்கு என்மேல கோவம், அதான் வெளியன்னு எழுதிருக்காரு."

கோபத்துக்காக எல்லையை மாற்றி எழுதுகிறவனா நான்? எழுந்து சொன்னேன், "வெளியதாண்டா போச்சு. நான் கம்பத்துக்கு நேர் பின்னால இருந்தேன். ரெண்டாவது பாதியில நீ அடிச்ச இன்னொன்னு உள்ள போச்சு, அத ரெஃப்ரி ஆஃப்சைடுன்னு விட்டான். அது ஆஃப்சைடு இல்ல. அதையும் அதே மனுவுல அடுத்த பக்கத்துல எழுதிருக்கேன். படிச்சுப் பாரு."

படித்தார்கள். இருந்தது.

கூடம் இரைந்த இரைச்சலில் தலைவர் குப்பைப் பூங்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை. மைதானம் என்று தீர்மானம் நிறைவேறியது. என்னை வைத்தே என்னை அடித்தார்கள். வெளியே வரும்போது எவனோ ஒருவன் எனக்குச் சால்வை போட வந்தான். தட்டிவிட்டேன்.

எத்தனை? நூற்றிரண்டா? இந்த வரிசை ஆமை.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. நிதிக்குக் கோப்பு தாலுகா அலுவலகம் போனது. போன இடத்தில் நின்றது. ஏன் நின்றது? ஓர் ஆட்சேபணை நிலுவையில் இருக்கிறது. யாருடையது? என்னுடையது. அறுபத்தோராவது மனு. அதற்கு முந்திய அறுபதையும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பொய் எழுதி முடித்திருந்தார்கள். அது ஒன்றை முடிக்க மறந்துவிட்டார்கள். நான் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கோப்பு நகரும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் நகராவிட்டால் நிதி திரும்பிவிடும். திரும்பினால் மறுபடி குப்பைதான்.

இன்றைக்குத் தேதி என்ன? அதுதான். கடைசித் திங்கட்கிழமை.

எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்று வார்த்தை. ஊரில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அண்ணன் தம்பிக்கு, பங்காளிக்கு. எனக்கென்று ஒரு தடவைகூட எழுதியதில்லை.

தாசில்தார் ஆள் அனுப்பினார். முடியாது என்றேன். தலைமையாசிரியர் வந்தார். முடியாது. பதினோரு ஊர்ப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள், எட்டு எழுத்துப் பிழை. திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டு, முடியாது என்றேன்.

போன வாரம் பீர்க்கனியே வந்தான். கையில் சுருட்டிய வரைபடம். சௌந்தரம் அவனுக்குக் காப்பி போட்டாள். எனக்கு அன்றைக்கு இரண்டாவது காப்பி கிடையாது என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"ரைட்டரய்யா, நீங்க பட்ட கஷ்டம் எங்களுக்குப் புரியுது. இங்க பாருங்க, இது உங்க வீடு. இவ்வளவு நாளா கோல் உங்க வீட்டப் பாத்து இருந்துச்சுல்ல, அதான ஓடு ஒடைஞ்சுச்சு? இப்ப மைதானத்தையே திருப்பிப் போட்டாச்சு. தெக்கு வடக்கு இல்ல, கெழக்கு மேக்கு. இன்ஜினியர்ட்ட சண்ட போட்டு வாங்குனேன். அதுக்கும் மேல உங்க பக்கம் மட்டும் பன்னெண்டடிச் செவுரு. ஒரு பந்து வராது. ஒரு சத்தம் வராது. எல்லாம் உங்களுக்காகத்தான்."

நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

"எவன் வரைஞ்சான் இத?"

"இன்ஜினியருங்கய்யா."

"அவன் பந்து ஆடிருக்கானா?"

"தெரியலய்யா."

"நீ ஆடிருக்கியா?"

"என்னய்யா கேக்குறீங்க?"

"கெழக்குக் கோல்ல நிக்கிற பிள்ளைக்கு அஞ்சரை மணிக்கு மொகத்துல வெயிலு. பந்து தெரியுமா, சூரியன் தெரியுமா? மூக்கு ஒடையும்டா. அந்தப் பெண் பிள்ளைங்க அணியில கோல்கீப்பர் இருக்காளே, உயரமா, எகிறிப் பிடிப்பாளே, அவளக் கொண்டு போய் அங்க நிறுத்துவியா? மைதானம் தெக்கு வடக்குன்னு வச்சவன் முட்டாளா?"

"உங்களுக்காகத்தான்யா..."

"நான் கேட்டேனா?"

கேட்டிருந்தேன்தான். அறுபத்தோரு மனுவில் கேட்டிருந்தேன். பந்து வரக் கூடாது, சத்தம் வரக் கூடாது. அதற்காக? கேட்டதைக் கொடுப்பதற்கும் ஒரு முறை இல்லையா? வெளியே போடா என்றேன். போனான். காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனான். வரைபடத்தை மேஜையிலேயே மறந்து போனானாம். எனக்குத் தெரியும் அந்த மறதி.

அன்று மாலை வழக்கம்போல் நாற்காலியைத் தூக்கிக் கொண்டு பின்பக்கம் போனேன். சௌந்தரம் கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"பன்னெண்டடிச் செவுரு வந்துருச்சுன்னா, நாற்காலிய எங்க போடுவீங்க?"

நாற்காலியைப் போட்டு நோட்டைப் பிரித்தேன். சம்பந்தமில்லாமல் பேசுவது அவள் வழக்கம்.

பன்னிரண்டு அடி என்றால் என்ன என்று தெரியுமா? சிறைச்சாலை மதில் மாதிரி. காற்று வராது. அது கிடக்கட்டும். குற்றம் நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் நான் எதை வைத்து மனு எழுதுவது? சத்தத்தை வைத்தா? அப்பால் ஒருத்தி கோல் போடுகிறாள், ஊரே கத்துகிறது, நான் இங்கே சுவரைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் அடித்தது, எந்தக் கால், உள்ளேயா வெளியேயா, ஒன்றும் தெரியாது. இருபத்தேழு வருடப் பதிவு அத்துடன் நின்றுவிடும். அதற்கு விடுவேனா?

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். மூன்று நாள் எழுதிய மனு என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். இந்தாருங்கள், நீங்களே பாருங்கள். எழுத்தில் கை படாமல் பிடியுங்கள்.

'பொருள்: வேலாங்குளம் விளையாட்டு மைதானம் தொடர்பான கோரிக்கை.'

கோரிக்கை என்றுதான் போட்டிருக்கிறேன். ஏன் பார்க்கிறீர்கள்? ஆட்சேபணை என்று போட்டால் கோப்பு மறுபடி நிற்கும். எனக்கு அதுகூடத் தெரியாதா? நீளமும் அகலமும் அளந்து பார்த்தேன், நானே நடந்து. தெற்கு வடக்காகத் தாராளமாக அடங்கும். அந்த இன்ஜினியர் வரட்டும், காட்டுகிறேன்.

'ஒன்று: எனது அறுபத்தோராவது மனுவை இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு ஆட்சேபணை இல்லை.'

ஆமாம், எழுதியிருக்கிறேன். எழுதத்தானே வேண்டும்? அது இல்லாமல் இரண்டாவது நிற்காது. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

'இரண்டு: கோல் கம்பங்கள் முன்னிருந்தபடியே தெற்கு வடக்காக நடப்பட வேண்டும். மூன்று: எனது மனையை ஒட்டிய வடபுறச் சுற்றுச்சுவர் ஐந்தடிக்கு மேல் உயரக் கூடாது.'

அவ்வளவுதான். கீழே நான்கெல்லை. தெற்கில் என்ன போட்டிருக்கிறேன் பாருங்கள். 'விளையாட்டு மைதானம்.' கட்டவில்லைதான். அதனால் என்ன? கண்ணால் காண்பதை எழுதுவேன் என்றேனே. அதைக் கட்டாமல் விட்டுவிடுவார்களா? விட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும். என் எழுத்து பொய்யானதில்லை.

ஓடா? உடையும். உடைக்கட்டும். அறுபத்து மூன்றாவது மனுவுக்கு எனக்கும் விஷயம் வேண்டும்.

இந்தப் பக்கம் கொடுங்கள் உங்கள் காகிதத்தை. பின்பக்கம். உங்கள் பாதைக்கு வடக்கே என்ன? சீக்கிரம் சொல்லுங்கள். கிழக்கே? கிணறா, அது யாருடைய கிணறு? அகலம் அளந்தீர்களா, குத்துமதிப்பா? குத்துமதிப்பு எழுத மாட்டேன். உங்கள் காலடிக் கணக்கில் எத்தனை அடி? எட்டு. சரி. தேதி போடுங்கள். கையெழுத்து இங்கே. நடுங்காமல் போடுங்கள், உங்கள் பாதைதானே.

நூற்றுப் பதினைந்து. கூப்பிட்டுவிட்டான்.

என் பையைப் பார்த்துக் கொள்ளுங்கள். நோட்டு இருக்கிறது, தொடக் கூடாது. நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இன்றைக்குப் பெண் பிள்ளைகள் ஆட்டம்.

ஐந்தடி. ஓர் அங்குலம் கூடினாலும் அடுத்த திங்கட்கிழமை இதே நாற்காலியில் இருப்பேன்.